வீட்டுச் சர்வரும் கைபேசியும்: ஒரு தாமதத்தின் வரலாறு

வீட்டின் மூலையில் ஓடும் சர்வரில் உள்ள கோப்பை, அதே வைஃபையில் இணைந்த கைபேசியில் திறப்பது இன்று எளிய காரியம். ஆனால் 2007இல் விற்பனைக்கு வந்த ஐபோன், பிற செயலிகளின் துணையின்றித் தன் 'ஃபைல்ஸ்' செயலி வழியாகவே அத்தகைய சர்வரோடு இணையத் தொடங்கியது 2019இல், ஐஓஎஸ் 13 வந்த பிறகுதான். இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியைத் தொழில்நுட்பம் முதிர்வதற்கு ஆன காலம் என்று எண்ணத் தோன்றும். கோப்புப் பகிர்வு நெறிமுறையின் வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. கோப்பு யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது பற்றிய வடிவமைப்பு முடிவே முதன்மைத் தடையாக இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்றைய வீட்டுச் சர்வர்கள் பெரும்பாலும் பேசும் எஸ்எம்பி நெறிமுறையை 1983இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கினார். இணைப்பு அறுபடாத அலுவலகக் கம்பி வலைக்காக எழுதப்பட்ட அது, பின்னர் மைக்ரோசாஃப்டின் கையில் வளர்ந்தது. கான்பெராவில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், வலையில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்து நெறிமுறையை உய்த்துணர்ந்து, யூனிக்ஸ் கணினிகளுக்கான ஒரு சர்வரை 1992இல் வெளியிட்டார். அதுவே சாம்பா. விலையில்லா இந்த மென்பொருள்தான் கோப்புச் சர்வரை மலிவான பெட்டியாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது. நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்ற, மைக்ரோசாஃப்ட் மீதான ஐரோப்பிய ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு முடிவை 2007 செப்டம்பரில் நீதிமன்றம் பெரும்பாலும் உறுதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நெறிமுறையின் ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைத்தன.

அதே 2007இன் தொடக்கத்தில் விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பி 2 பொதுச் சந்தைக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டிருந்த கட்டளைகள் 19 ஆகக் குறைந்தன. இணைப்பு சிறிது நேரம் அறுந்தாலும் திறந்த கோப்பை மீண்டும் பற்றிக்கொள்ளும் வசதி சேர்ந்தது. அறைக்கு அறை நகரும் கைபேசிக்குத் தேவையானது இதுவே. ஆக, கைபேசி, பொருத்தமான நெறிமுறை, அதன் ஆவணங்கள் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் கைக்கெட்டின. ஆயினும் ஐபோனில் கோப்புறை என்ற ஒன்றே பயனர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு செயலியும் தனக்கென அடைத்த அறைக்குள் தன் தரவை வைத்துக்கொண்டது. ஆப்பிள் 2013இல் மேக் கணினிகளின் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி 2ஐ இயல்பு நெறிமுறையாக்கியது; அதே நிறுவனத்தின் கைபேசி மேலும் ஆறு ஆண்டுகள் காத்திருந்தது. 2017இல் ஐஓஎஸ் 11 கோப்புகளைப் பயனருக்குக் காட்டிய பின்னரே, சர்வரில் உள்ள கோப்புறையைக் காட்டவும் ஓர் இடம் உருவானது.

பாதுகாப்பே தாமதத்துக்குக் காரணம் என மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு: செயலிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்தது தீநிரல்களைக் கட்டுப்படுத்தியது, பழைய எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகவே 2017 மே மாதம் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஆனால் குறியாக்கத்துடன் கூடிய எஸ்எம்பி 3, விண்டோஸ் 8உடன் 2012லேயே வந்துவிட்டது. அடைத்த அறை முறையைக் கைவிடாமலேயே 2019இல் வழி திறக்கப்பட்டதும், பாதுகாப்புக்கும் அணுகலுக்கும் பகை இல்லை என்பதைக் காட்டுகிறது.

மேகச் சேமிப்பு இருக்கையில் இது எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. மேகம் வசதியானதே; எனினும் சந்தா நின்றாலோ சேவை மூடப்பட்டாலோ கோப்பு நம் கையில் இராது. மேகம் எளிதாகத் தரும் ஒன்றான, வீட்டுக்கு வெளியிலிருந்து சர்வரை அணுகுவதில் மட்டும் உண்மையான தொழில்நுட்பத் தடை நீடிக்கிறது: பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியை இணையச் சேவையாளர்கள் பலர் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு வீட்டை அடைவதில்லை. சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவதோ ஆபத்து. 2022இல் டெட்போல்ட் என்னும் பணயத் தீநிரல் அவ்வாறு திறந்திருந்த சேமிப்புப் பெட்டிகளையே பூட்டியது. வீட்டிலிருந்தே வெளிநோக்கித் தொடங்கும் இணைப்பாக அமைத்தால், 2020இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த வயர்கார்டு போன்ற விபிஎன் வழிகளே பொருத்தமான விடை. வெளித் தடைக்குப் பொறியியல் விடை தேடியாக வேண்டியிருந்தது. வீட்டுக்குள் இருந்த தடையோ, கோப்பு பயனருக்கு உரியது என்று கைபேசி ஏற்றுக்கொண்ட இரண்டே ஆண்டுகளில் நீங்கியது. இவ்வேறுபாடே தாமதத்தின் காரணத்தைத் தெளிவாக்குகிறது.