பந்தியும் மேசையும்

புதுச்சேரிக்கு வருகிற நண்பர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். கைக்கு அடக்கமான விலையில் அசலான பிரெஞ்சுச் சாப்பாடு இங்கே எங்கே கிடைக்கும்? பத்து வருஷமாக இந்த ஊர் வங்கி ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவன் என்பதால் விலையைப் பற்றி என்னால் ஏதாவது சொல்ல முடியும். அசல் என்ற சொல்தான் தொந்தரவு தருகிறது. வங்கியில் அசல் என்றால் வட்டி சேராத தொகை. ஓர் ஊரின் சாப்பாட்டில் எது அசல், எது வட்டி என்று யார் கணக்குப் பிரிப்பது?

நண்பர்கள் தேடிப் போவது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சில் எழுதிய பலகை. அங்கே கிடைக்கும் உணவு மோசம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சுவர்கள் தங்களைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்வதில்தான் எனக்குச் சந்தேகம். 1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் திரும்பக் கிடைத்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டத் தொடங்கியதுதான் இன்று நாம் காணும் நகரத்தின் ஆரம்பம். ஆகவே கட்டடத்தை விட்டுவிட்டு வேறு சாட்சியைத் தேடலாம். என்ன சாப்பிட்டார்கள் என்பதைவிட, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சாட்சி இருக்கிறது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, பணத்தையும் கப்பலையும் கவனித்த அதே கண்ணால் விருந்துகளையும் கவனித்தவர். 1745 நவம்பர் 30ஆம் தேதி, அர்ச். அந்திரேயர் திருநாளன்று, அப்போது பெரிய துபாஷாக இருந்த கனகராய முதலியார் ஒழுகரையில் தாம் கட்டிய கோயிலுக்காக ஊரையே அழைத்து விருந்து வைத்தார். முதலியார் கிறிஸ்தவர். பிராமணர், வேளாளர், செட்டிகள், கம்மாளர், நெசவாளர், எண்ணெய் வாணிகர் என்று எல்லோரும் அழைக்கப்பட்டார்கள். பிராமணர்களுக்குப் பிராமணச் சமையல்காரர்கள், வேளாளர்களுக்கு அகம்படியர் சமையல் என்று சத்திரங்களும் தோட்டங்களும் ஜாதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஐரோப்பியர்களுக்கான உணவு புதுச்சேரியில் தயாராகி ஒழுகரைக்கு வந்தது. உட்கார மேசைகள் வந்தன. கவர்னர் துய்ப்ளேக்ஸ் தம்பதி சமேதராக வந்து சாயங்காலம் வரை இருந்தார். ஜாதி வழக்கம் மாறாமல் எல்லோரையும் உபசரித்த இந்தக் காரியம் இந்து தர்மத்துக்கும் பொருந்தவில்லை, கிறிஸ்தவத்துக்கும் பொருந்தவில்லை என்பது பிள்ளையின் முணுமுணுப்பு. இதில் பொறாமை இருந்திருக்கலாம். அந்த உத்தியோகத்தின் மீது அவருக்கும் கண் இருந்தது. ஆனாலும் அவர் பார்த்தது சரியானதுதான். ஒரே அழைப்பு, பல அடுப்பு, பல பந்தி.

இந்த விருந்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தியும் அதே ஆண்டில் அவர் எழுதியதே. சம்பாக் கோயிலுக்குள் தீண்டாதார் எனப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் ஒன்று இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். கோயிலில் இடிந்த சுவரைச் சமையலறையில் யாரும் தொடவில்லை. பல கலாச்சாரங்கள் கலந்த நகரம் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். கலந்தவை சரக்கும் பணமும் பாஷையும். சோறு கலக்கவில்லை.

இதில் பிரெஞ்சுக்காரர்களையும் அதிகமாக உயர்த்திப் பேச வேண்டியதில்லை. ஒழுகரையில் அந்த விருந்து நடந்தபோது பாரிஸிலேயே ரெஸ்டாரன்ட் என்று ஒன்று கிடையாது. அந்தச் சொல்லுக்கு முதலில் உடம்பைத் தேற்றும் சாறு என்றுதான் அர்த்தம். 1760களில் அந்தச் சாறு விற்ற கடைகள்தான் பிற்பாடு உணவு விடுதிகளாயின. அதற்கு முன் சத்திரங்களில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே நீண்ட மேசையில், ஒரே நேரத்தில், வைத்ததைச் சாப்பிட்டார்கள். ரெஸ்டாரன்ட் கொண்டுவந்த புதுமை தனி மேசை, விலைப்பட்டியல், விரும்பியதைக் கேட்கும் உரிமை. பையில் இருக்கும் காசு அங்கே பந்தியைப் பிரித்தது. ஜாதியைவிடக் காசு மேல் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். காசைச் சம்பாதிக்கலாம்.

தமிழ்நாட்டில் காசு கொடுத்தாலும் பந்தி கிடைக்காத காலம் வெகுநாள் இருந்தது. காப்பி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்தது. ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க, 1957இல்கூடச் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேக்கு முன்னால் பெரியாரின் ஆட்கள் மாதக்கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. அதே 1957இல்தான், காப்பி போர்டு மூடிவிட்ட காப்பிக் கடைகளை, வேலையிழந்த தொழிலாளிகள் ஏ. கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். அப்படி வந்த இந்தியன் காப்பி ஹவுஸ்களில் ஒன்று இந்த ஊர் நேரு வீதியில். முன்பு அது துய்ப்ளே வீதி. யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' 2001இல் வெளிவந்த பிறகு அதன் முன்னுரையைப் படித்துவிட்டு அந்தக் கடையைத் தேடி வந்த வெளிநாட்டார் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே போனது காப்பி மலிவு என்பதால். தலைப்பாகை கட்டியவர் முதலாளிக்கு ஊழியர் அல்ல, சங்கத்தின் உறுப்பினர் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பரிமாறுகிறவன் கடைக்குப் பங்காளியாக இருப்பது நம் உணவுச் சரித்திரத்தில் சாதாரண விஷயமல்ல.

வேறொரு கலப்பு வீடுகளுக்குள் நடந்தது. 1873இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1881ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் தம் ஜாதிவழிச் சட்ட அந்தஸ்தைத் துறந்து, லபோர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். அவர் வழியில் துறந்தவர்களில் பலர் பிரெஞ்சுப் படையிலும் உத்தியோகத்திலும் சேர்ந்து சைகோன் போனார்கள். சட்டத்தில் துறந்த ஜாதி அடுப்பங்கரையிலும் போயிற்றா என்பது வேறு கேள்வி. ஆனால் 1954க்குப் பிறகு இந்தோசீனாவிலிருந்து திரும்பியவர்கள் சிலரோடு வியட்நாமிய மனைவிகள் வந்தார்கள். அவர்களோடு நெம் வந்தது. அரிசித்தாளில் கறியும் கண்ணாடி சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. சொல்லிவைத்தால் செய்து கொடுக்கும் வீடுகள் உண்டு, பலகை கிடையாது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட சுமார் 5,000 பேரின் சந்ததிகள் இங்கே இருக்கிறார்கள். சொல்தா என்று நாம் சொல்லும் பென்ஷன்காரர்கள் என் கவுன்டருக்கும் வருவதுண்டு. ஒரு முறை ஒரு பெரியவரிடம் பிரெஞ்சுச் சாப்பாடு பற்றிக் கேட்டேன். தம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நெம், மற்ற நாள் மீன்குழம்பு என்றார். பிரெஞ்சு என்று அவர் எதையும் குறிப்பிடவில்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று போயிற்று. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் சேர்த்து இடித்து உருட்டி வெயிலில் காயவைக்கும் நம் வடகம், 'வதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் மசாலாவாகிவிட்டது. மேல்நாட்டு விடுதிகளில் அதற்கு நல்ல விலை. முத்தியால்பேட்டை மொட்டைமாடிகளில் அது முறத்தில் காய்கிறது. அசலைத் தேடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

கடைசியாகச் சாராயக்கடை. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் முழு மாகாணத்துக்கும் வந்தது. 1971இல் தளர்த்தினார்கள், 1974க்குள் மறுபடி மூடினார்கள், 1981இல் திறந்தார்கள். இவ்வளவு காலமும் புதுச்சேரி தன்பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. கால் கடந்தால் சட்டம் மாறிவிடும். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர். இலக்கியக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்தவர்களையும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் இன்று சாராயக்கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படி கிடையாது. இங்கே இரண்டும் உண்டு. வேகவைத்த முட்டை, சுண்டல், போட்டி, மீன் வறுவல். ஆங்கிலத்தில் 'பப்' என்பது பொதுவீடு என்பதன் சுருக்கம். அந்த அர்த்தத்தில் இந்த ஊரின் பொதுவீடு இதுதான். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் யார் என்று கேட்பதில்லை. ஊறுகாய் இலை கைமாறுகிறது.

எங்கள் தாத்தா வீட்டுத் தாழ்வாரத்து ஓலையில் தனியாக ஒரு டம்ளர் செருகியிருக்கும். அதில் யாருக்குத் தண்ணீர் என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். அதனால் அந்தப் பெஞ்சை என்னால் அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை. அதைக் கொண்டாடவும் முடியவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களின் நகைக்கடன் கணக்குகள் என் மேசையைத் தாண்டித்தான் ஏலத்துக்குப் போகின்றன. ஜாதியை மறக்கக் குடித்தாக வேண்டும் என்றால், அந்தச் சமத்துவம் போதை தெளியும் வரைக்கும்தான்.

அதுவும் ஆண்களின் சமத்துவம். நான் போகும் கடை வாசலில் தட்டுவண்டி வைத்து மீன் வறுக்கிற அம்மாள் உள்ளே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அழைக்கவும் தோன்றியதில்லை. நண்பர்கள் இனிமேல் அசலான சாப்பாடு எங்கே என்று கேட்டால் அந்த வண்டிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். ஒரு துண்டு வஞ்சிரம், கொஞ்சம் வெங்காயம். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். பந்தியோ மேசையோ இல்லை.