செஞ்சியாற்றங்கரைக் கல்மரமும் தக்காணத்து எரிமலைப் பூவும்

செஞ்சியின் ராஜகிரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் எவ்வளவு தேடினாலும் ஓர் இலையின் தடம்கூடக் கிடைக்காது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கொதித்த குழம்பு மெல்ல ஆறி இறுகிய பாறைகள் அவை. அன்று நிலத்தின் மேல் மரமோ செடியோ தோன்றியிருக்கவில்லை. ஆனால் அந்த மலைப்பக்கத்திலிருந்து கிழக்கே இறங்கும் சங்கராபரணியின் போக்கிலேயே போனால் திருவக்கரை வருகிறது. செஞ்சியாறு என்றும் அழைக்கப்படும் அந்த ஆற்றை ஒட்டிய மேட்டு நிலத்தில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன.

நெருப்பில் பிறந்த பாறை என்றாலே தாவரத்துக்கு அதில் இடமில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா, திண்டோரி மாவட்டங்களில், தக்காணத்து எரிமலைக் குழம்பின் அடுக்குகளுக்கு நடுவே தாவரங்கள் பூவும் காயுமாகக் கல்லாகியிருக்கின்றன. திருவக்கரையையும் தக்காணத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: இரண்டையும் கல்லாக்கியது சிலிக்காதான்; எது மிஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானித்தது புதைந்த விதம்.

புதைந்த இடம்

திருவக்கரை மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அவை கடலூர் மணற்கல் என்ற படிவில் கிடக்கின்றன. 3 முதல் 15 மீட்டர் நீளமுள்ள அடிமரங்கள் படுத்த வாக்கில் இருக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, இலையும் இல்லை. வேறிடத்தில் வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. வரும் வழியில் மெல்லிய பாகங்கள் எல்லாம் முறிந்து அழிந்துவிட்டன.

தக்காணத்தின் கதை வேறு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு ஒரே மூச்சில் வழிந்துவிடவில்லை. ஒரு வழிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நெடுங்கால ஓய்வு இருந்தது. அந்த ஓய்வில் ஏரி குளங்கள் தேங்கின, கரையில் செடிகள் வளர்ந்தன. உதிர்ந்த பூவும் காயும் அசையாத நீரின் அடிச்சேற்றில் படிந்தன. அடுத்து வந்த குழம்பு அந்தச் சேற்றுக்கு மேல் பரவி மூடியது. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பில் நேரே அகப்பட்ட செடி கருகிப் போகும்; அடியில் சேற்றுக்குள் இருந்தது தப்பியது.

கல்லான விதம்

இரண்டு இடத்திலும் நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து இறுகியது. மரம் மக்குவதற்கு முன்பே சிலிக்கா உள்ளே போய்விட வேண்டும். திருவக்கரையில் மணலுக்குள் ஊறிய நிலத்தடி நீர் அதைக் கொண்டுவந்தது. தக்காணத்தில் எரிமலைப் பாறையும் சாம்பலும் சிதையும்போது சிலிக்கா தாராளமாக நீரில் கலந்தது. வெந்நீரில் இந்த வேலை எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை ஜப்பானில் தாத்தேயாமா வெந்நீர் ஊற்றில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் போட்ட மரத்துண்டுகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏழே ஆண்டுகளில் சிலிக்காவாகியிருந்தது.

மிஞ்சியதும் சொல்வதும்

திருவக்கரையில் நமக்குக் கிடைப்பது கட்டை மட்டுமே. ஆனால் கட்டையே நிறையச் சொல்கிறது. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் நீர்க்குழாய்களின் அமைப்பு தெரியும். குடும்பத்தை அதிலிருந்து கண்டுபிடிக்கலாம். குங்கிலிய மரக் குடும்பத்தின் கட்டைகள் இங்கே இருக்கின்றன. அந்தக் குடும்பத்து மரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓங்கி வளர்கின்றன. அப்படியானால் இன்று வறண்டிருக்கும் இந்த வட்டாரத்துக்கு நீர் தந்த நிலம் ஒரு காலத்தில் அடர்ந்த ஈரக்காடாக இருந்திருக்கிறது.

தக்காணத்தில் சிலிக்கா இறுகி உண்டான சிக்கிமுக்கிக் கல்லைப் படிக்கும் முறை தனி. கல்லை அறுத்து மெருகேற்றி, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் சிறிது நேரம் வைப்பார்கள். சிலிக்கா சற்றே கரைய, செல்சுவர்கள் மயிரிழை அளவு எழும்பி நிற்கும். அதன்மேல் அசிடேட் படலத்தைப் படியவைத்து உரித்தால், செல்லின் வரைபடம் அப்படியே படலத்தோடு வந்துவிடும். திரும்பத் திரும்ப உரித்து, ஒரு காயை அடுக்கடுக்காக உள்ளே வரை பார்க்கலாம். மருதாணிக் குடும்பத்தைச் சேர்ந்த எனிக்மோகார்பான் என்ற கனியைத் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி 1943-இல் விவரித்தார். இன்று நம் ஊர்களில் மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அசோலாவின் முன்னோரும் அங்கே கிடைத்திருக்கிறது. விரலால் நசுக்கினால் குழைந்துபோகும் நீர்ப்பெரணி அது. சிந்த்வாடாவின் மோகாங்கலானில் நிப்பா பனையின் காயும் கிடைத்தது; அந்தப் பனையோ இன்று கடலோரச் சதுப்பில் வளரும் இனம். உப்புநீர் நாட்டின் நடுப்பகுதி வரை எட்டியிருக்குமோ என்ற கேள்வியை அந்தக் காய் எழுப்பியது.

காக்க வேண்டியது எது?

திருவக்கரை மரங்களைப் பற்றி ஐரோப்பிய இயற்கையியலாளர் சொனரா 1781-இலேயே எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-இல் அந்த இடத்தைப் பூங்காவாக்கியது. திண்டோரியின் குகுவா 1983-இல் தேசியப் பூங்காவானது. இரண்டுக்கும் காவல் தேவை, ஆனால் ஒரே வகைக் காவல் போதாது. தக்காணத்தில் சான்று கல்லுக்குள்ளே இருக்கிறது; எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் அது பேசும். திருவக்கரையில் பாதிச் சான்று மரம் கிடக்கும் திசையிலும் அது புதைந்த மணலிலும் இருக்கிறது. அங்கே அடிமரத்தைப் புரட்டிப் போட்டாலோ, ஒரு சில்லை நினைவுப் பொருளாக எடுத்துப் போனாலோ, வெள்ளம் வந்த வழியைச் சொல்லும் தடயம் அழிகிறது. செஞ்சிக் கோட்டைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளைத் திருவக்கரைக்கும் அழைத்துப் போக வேண்டும். எதையும் தொட்டு நகர்த்தாமல், கிடக்கிற கிடையிலேயே ஒரு கல்மரத்தைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும்.