ஒருமாறி நேரியல் சமன்பாடு

கணிதத்தில் ஒருமாறி நேரியல் சமன்பாடு என்பது ஒரே ஒரு மாறியை மட்டும், அதன் முதல் அடுக்கில் மட்டும் கொண்ட சமன்பாடு ஆகும். ம என்பது மாறி எனில், இதன் பொது வடிவம் அ × ம + ஆ = 0 என்பதாகும். இங்கு அ, ஆ ஆகியன மாறிலிகள். அ சுழியம் அன்று. ம-வின் பெருக்கலாக அமைந்த அ, கெழு எனப்படும். சமன்பாட்டை உண்மையாக்கும் ம-வின் மதிப்பு அதன் தீர்வு அல்லது மூலம் எனப்படும்.

அடிப்படை

சமன்பாடு ஒரு தராசைப் போன்றது. ஒரு தட்டில் செய்யும் மாற்றத்தை மறு தட்டிலும் செய்தால் சமநிலை குலையாது. எனவே இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். சுழியத்தால் மட்டும் வகுத்தல் கூடாது. "பக்கம் மாற்றினால் குறி மாறும்" என்று பள்ளிகளில் கூறப்படும் விதி தனி விதி அன்று. இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டுவதன் அல்லது கழிப்பதன் சுருக்கமே ஆகும்.

மாறியைத் தனிமைப்படுத்தல்

# மாறி உள்ள உறுப்புகளை ஒருபுறமும் மாறிலிகளை மறுபுறமும் சேர்க்க வேண்டும்.
# ஒத்த உறுப்புகளைச் சுருக்க வேண்டும்.
# மாறியின் கெழுவால் இருபுறமும் வகுக்க வேண்டும்.
# கிடைத்த மதிப்பை முதல் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டாரம் மழையை நம்பிய கரிசல் நிலம் ஆகும். அங்கு 1901 ஆம் ஆண்டு முதல் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. இத்தகைய மானாவாரி நிலத்தில் உழவு, விதை, களையெடுப்பு ஆகியவற்றுக்கான செலவு விளைச்சல் தெரியும் முன்பே முடிந்துவிடும். போட்ட பணம் திரும்ப எவ்வளவு விளைய வேண்டும் என்பதை நேரியல் சமன்பாட்டால் அறியலாம்.

ஓர் ஏக்கர் பருத்திக்கு முன்செலவு 18,000 ரூபாய், பறிகூலி குவிண்டாலுக்கு 1,000 ரூபாய், விற்பனை விலை குவிண்டாலுக்கு 7,000 ரூபாய் எனக் கொள்க (இவை விளக்கத்திற்கான எண்கள்). விளைச்சல் ம குவிண்டால் எனில், வரவும் செலவும் சமமாகும்போது:

7000 × ம = 1000 × ம + 18000
6000 × ம = 18000 (இருபுறமும் 1000 × ம கழிக்க)
ம = 3 (இருபுறமும் 6000 ஆல் வகுக்க)

சரிபார்த்தல்: இடப்புறம் 7000 × 3 = 21000; வலப்புறம் 3000 + 18000 = 21000.

மழை பொய்த்து 2 குவிண்டால் மட்டுமே விளைந்தால் வரவு 14,000, செலவு 20,000. இழப்பு 6,000 ரூபாய்.

சிறப்பு நிலைகள்

சுருக்கும்போது மாறியே மறைந்து போவதும் உண்டு. மேற்கண்ட கணக்கில் விலை வீழ்ந்து பறிகூலிக்குச் சமமானால், 0 × ம = 18000 என்று வரும். இதற்குத் தீர்வு இல்லை. எவ்வளவு விளைந்தாலும் முன்செலவு மீளாது என்பதே இதன் பொருள். மாறாக 0 × ம = 0 என வந்தால் எல்லா எண்களும் தீர்வுகளாகும்.

வரலாறு

கி.பி. 499 இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் இதற்கு ஒரு விதி உள்ளது. இருவரிடம் விலை தெரியாத ஒரே வகைப் பொருள்கள் வெவ்வேறு எண்ணிக்கையிலும், கையிருப்புப் பணம் வெவ்வேறு அளவிலும் உள்ளன. மொத்தச் செல்வம் சமம். பண வேறுபாட்டைப் பொருள் எண்ணிக்கையின் வேறுபாட்டால் வகுத்தால் பொருளின் விலை கிடைக்கும். பருத்திக் கணக்கில் 18000 ஐ, 7000 − 1000 ஆல் வகுத்ததும் இவ்விதியே ஆகும்.

9 ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிசுமி சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை நூலாக வகுத்தார். கழிக்கப்பட்ட உறுப்பை மறுபுறத்தில் கூட்டி நிறைவு செய்வதை அவர் அல்-சபர் என்றார். அல்சீப்ரா என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. சமக்குறியை 1557 இல் வேல்சு நாட்டவரான இராபர்ட் ரெக்கார்டு அறிமுகப்படுத்தினார்.