எதிர் அணிக்காரர் அடித்துக் கொடுத்த வெள்ளி

1773 செப்டம்பர். பிரிட்டிஷ் காலனியாக இருந்த மாசசூசெட்ஸில், வூஸ்டர் ஊர் இளம் மருத்துவர் வில்லியம் பெய்னுக்கும் சேலம் நகரத்து லோயிஸ் ஓர்னுக்கும் திருமணம். மணப்பெண்ணுக்காக மாப்பிள்ளை செய்யச் சொன்னது 45 உருப்படிகள் கொண்ட வெள்ளித் தொகுதி: காபிக் கூஜா, தேநீர்க் கூஜா, மூடி போட்ட பியர்க் குவளை, கிண்ணங்கள், கரண்டிகள். அன்றைய அமெரிக்காவில் ஒரே பட்டறையில் இத்தனையும் சேர்த்துச் செய்யச் சொல்வது அரிது. வேலையை ஏற்றவர் பாஸ்டன் வெள்ளி ஆசாரி பால் ரிவியர்.

பிரான்சிலிருந்து 13 வயதில் பிழைக்க வந்த ஆசாரியின் மகன் ரிவியர். அந்த ஆண்டு அவருக்குச் சோதனையான ஆண்டு. மே மாதம் மனைவி இறந்துபோனார், அக்டோபரில்தான் மறுமணம். இறந்த மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் ஓர்ன்தான். செப்டம்பரில் அதே பெயருடைய இன்னொரு மணப்பெண்ணின் குலச் சின்னத்தை வெள்ளியில் செதுக்க வேண்டியிருந்தது. அவருடைய கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் வெள்ளியின் எடையும் செய்கூலியும்தான் உண்டு, துக்கத்துக்கு அங்கே பத்தி இல்லை.

காலனியில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. புழங்கிவந்த ஸ்பானிய நாணயங்களையும் பழைய பாத்திரங்களையும் உருக்கித்தான் வேலை. வங்கியும் இல்லாத காலம். நாணயமாக வைத்திருந்தால் திருடனுக்கு வசதி; குலச் சின்னம் செதுக்கிய கூஜாவாக்கிவிட்டால் களவு போனாலும் அடையாளம் சொல்லி மீட்கலாம், பணமுடை வந்தால் உருக்கியும் கொள்ளலாம். காபிக் கூஜா அந்த வீட்டின் சேமிப்பும்கூட.

உருக்கி வார்த்த கட்டியைத் தட்டித் தகடாக்கி, அந்தத் தட்டையான வட்டத்தைப் பட்டடையில் வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தே மேலே எழுப்புவார்கள். வயிறு எங்கே விரிய வேண்டும், கழுத்து எங்கே ஒடுங்க வேண்டும் என்பதெல்லாம் சுத்தியல் விழும் இடத்தைப் பொறுத்தது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகும், விட்டால் வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே மங்கிய சிவப்பு ஏறும்வரை உலையில் காய்ச்சி இளக்க வேண்டும். இப்படிப் பல சுற்றுக்குப் பிறகுதான் பேரிக்காய் வடிவம் வரும். பின்பு தட்டையான சுத்தியலால் மெல்லத் தட்டித் தழும்புகளை மறைப்பார்கள். வளைந்த மூக்கைத் தனியாக வார்த்துப் பொடி வைத்து ஊதிப் பொருத்துவார்கள். கைப்பிடி மட்டும் மரம், வெள்ளியில் வைத்தால் கை வெந்துவிடும். காபிக் கூஜா தேநீர்க் கூஜாவைவிட உயரமாக நிற்பதற்கும் காரணம் உண்டு: தூளோடு சேர்த்துக் கொதிக்கவைத்த காபியில் கசடு அடியில் தங்க வேண்டுமே!

தொகுதி செய்து முடித்த மூன்றே மாதத்தில், டிசம்பர் 16 இரவு, பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலுக்குள் வீசினார்கள். மறுநாளே அந்தச் செய்தியோடு நியூயார்க்குக்குக் குதிரையில் கிளம்பியவர் அந்த அணியில் இருந்த நம் ஆசாரிதான். தேநீர் துரோகிகளின் பானமாயிற்று. 1774 ஜூலையில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இது வேடிக்கையாக வருகிறது. பயணக் களைப்போடு ஒரு வீட்டில் இறங்கியவர், வரி கட்டாமல் கடத்தி வந்த தேநீராவது கிடைக்குமா என்று கேட்டாராம். அதையெல்லாம் விட்டாயிற்று, காபி வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்று பதில் வந்ததாம்.

இதே ஆடம்ஸ் வூஸ்டரில் சிறுவன் பெய்னுக்குப் பாடம் சொன்ன வாத்தியார். மாணவரோ மன்னர் பக்கம் நின்றார். 1774-இல் புரட்சிக்காரர்களைக் கண்டித்து மன்னர் ஆதரவாளர்கள் எழுதிய அறிக்கை வூஸ்டர் ஊர்ப் பதிவேட்டில் ஏறியபோது, அதை ஏற்றிய எழுத்தரையே ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி, மையில் விரலைத் தோய்த்து அந்தப் பக்கத்தை அழிக்க வைத்தார்கள். ஆகஸ்டில் பெய்னின் தந்தை டிமதியைப் பெருங்கூட்டம் வளைத்து, மன்னர் கொடுத்த பதவியை விட்டு விலகவைத்தது. மகன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1775-இல் திரும்பியபோது போர் மூண்டிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 18 இரவு பிரிட்டிஷ் படை புறப்பட்ட செய்தியை ஊர் ஊராகச் சொன்னவர்களில் அவருடைய ஆசாரி ரிவியரும் ஒருவர். பெய்ன் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1778-இல் நாடுகடத்தப்பட்டோர் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது.

போர் முடிந்து சில ஆண்டுகளில் அவர் திரும்பி வந்ததும், 1812-இல் அமெரிக்கக் குடிமகனானதும் தனிக் கதை. வெள்ளி நெடுங்காலம் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 1937-இல் சந்ததியார் வூஸ்டர் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

ரிவியர் பெயருக்கு இன்றிருக்கும் மவுசு அந்த ஏப்ரல் இரவைப் பாடி 1861-இல் வெளியான லாங்ஃபெல்லோ கவிதையால் வந்தது. அவர் பெயர் பொறித்த போலி முத்திரைகளும் பின்னாலேயே வந்தன. சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு எழுத்து எழுத்தாகப் பார்க்கிறார்கள். பெய்ன் தொகுதிக்கு அந்தத் தொல்லையே இல்லை. யாருக்குச் செய்தோம், எவ்வளவு எடை, கூலி என்ன என்று ரிவியரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.