பொத்தான்

ஆடையின் இரு விளிம்புகளைச் சேர்த்து மூடும் சிறு வட்டு. யாழ்ப்பாணத்தில் இதைத் தெறி என்பார்கள். உடப்புசல்லாவை, ராகலைத் தோட்டங்களில் பொத்தான் அல்லது பட்டன். 'பொத்துதல்' என்ற வினையோடு ஒலி பொருந்துவதால் தமிழ்ச்சொல் போலவே தோன்றும். ஆனால் இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. சிங்களத்தின் 'பொத்தம'வுக்கும் அதுவே மூலம். 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரால் கண்டி மலைநாட்டைப் பிடித்து ஆள முடியவில்லை. மலையகத் தமிழரின் பேச்சுக்கு இச்சொல், 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளரோடு வந்திருக்க வேண்டும்.

பொருள் சொல்லைவிட மிகப் பழையது. துளையிட்ட சிப்பி வட்டுகள் மொகஞ்சதாரோவில் கிடைத்துள்ளன. அவை பூட்டுவதற்கல்ல, அணிவதற்கு. பொத்தானுக்கு ஏற்ற காஜா ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. சுற்றிச் செருகும் சேலைக்கும் வேட்டிக்கும் பொத்தான் தேவைப்படவில்லை. தோட்டத்துப் பழைய புகைப்படங்களில் அதை அணிந்து நிற்பவர், கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரிய கங்காணி.

நல்ல பொத்தானுக்கு நெடுங்காலம் கடலையும் ஆற்றையும் நம்பியிருந்தார்கள். ஜெர்மானியரான ஜான் போப்பிள் 1891இல் அமெரிக்காவின் மஸ்கட்டீனில் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்யத் தொடங்கினார். சிப்பி வெடிக்காதிருக்க முதலில் நீரில் ஊறப்போடுவார்கள். பிறகு குழாய் வடிவ வாளால் வட்டு வட்டாகத் துளைத்தெடுப்பார்கள். பால்புரதத்தை ஃபார்மலினில் இறுகவைத்த கேசீன் அடுத்து வந்தது. இலங்கையில் எளிதாகக் கிடைக்கும் மூலப்பொருள் என்றால் தேங்காய்ச் சிரட்டை. அதன் பழுப்பு வரிகளின் அழகு எந்த அச்சிலும் வராது.

இன்று பெரும்பாலானவை பாலியெஸ்டர். பிசினைச் சுழலும் உருளையில் ஊற்றினால் தகடாகப் படியும். அது முழுதும் இறுகுமுன் வட்டுகளை வெட்டி, கடைந்து, துளையிட்டு, மெருகுத்தூளோடு பீப்பாயில் உருட்டுவார்கள். அளவு 'லைன்' கணக்கில்: 40 லைன் ஓர் அங்குலம். சட்டை முன்பக்கத்துக்கு வழக்கமாக 18, ஏறத்தாழ 11.4 மில்லிமீட்டர்.

கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் 1978இல் திறந்தது. 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் 1992இல் வந்தது. கொழுந்துக் கூடையைச் சுமக்க வேண்டியிருந்த லயத்துப் பெண்பிள்ளைகள் பலர் 'கார்மென்ட்ஸ்' போனார்கள். உலகம் அணியும் சட்டைகளில் அவர்களின் கைவேலை இருக்கிறது. எந்தச் சட்டையிலும் அவர்கள் பெயர் இல்லை.

பொத்தான் தைக்கும் இயந்திரங்களில் பல, ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுபவை. நூல்முனை அகப்பட்டு இழுபட்டால் முழுதும் பிரிந்துவிடும். கையால் மறுபடி தைப்பவர்கள் துணிக்கும் பொத்தானுக்கும் நடுவே சிறிது இடம்விட்டு, அந்தக் கழுத்தில் நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றிப் பின்புறம் முடிச்சிடுவார்கள்.