வேரோடு ஒரு காளான்

புற்றுக்காளான் என்று நம் ஜனங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வார்த்தைக்குள் இருக்கும் சாஸ்திரம் ஏட்டில் ஏற எத்தனை காலம் பிடித்தது என்பது சுவாரசியமான கதை.

செடி கொடிகளைக் காகிதத்துக்கு நடுவே அழுத்தி, உலர்த்தி, பெயர் எழுதி அடுக்கி வைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். காளானோ அந்தச் சிறைக்கு லேசில் அடங்காது. விட்டால் இரண்டு நாளில் அழுகும். இளஞ்சூட்டில் காயவைத்தால் நிறமும் மணமும் போய் வற்றலாகிவிடும். ஆகவே கண்ட இடத்திலேயே நிறம், மணம், முளைத்த இடம், தேதி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். குடையை மட்டும் அறுத்துக் காகிதத்தின்மேல் வைத்து, டம்ளரால் மூடி வையுங்கள். காலையில் வித்துத்தூள் உதிர்ந்து கோலம் போட்டிருக்கும். வெள்ளை வெளேரென்ற புற்றுக்காளான் போடும் கோலம் இளஞ்சிவப்பு! இந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் உறைக்குள் இருப்பது வெறும் சருகுதான்.

இலங்கையில் பேராதனைத் தோட்டத்தின் தலைவர் த்வைட்ஸ் அனுப்பிய காளான்களுக்கு, 1870களில் இங்கிலாந்திலிருந்தபடியே பெர்க்லி பாதிரியாரும் அவர் நண்பர் புரூமும் பெயர் சூட்டினார்கள். பெர்க்லி மகா மேதை, சந்தேகமில்லை. ஆனால் இலங்கைப் புற்று எதையும் அவர் பார்த்ததில்லை. ஒரே புற்றுக்காளான் மொட்டாகவும் விரிந்தும், சிறிதும் பெரிதுமாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? வெவ்வேறு பெயர்கள் விழுந்தன.

1905ல் பேராதனைக்கு வந்த டாம் பெட்ச் புற்றையே வெட்டிப் பார்த்தார். காளானின் தண்டு வேர்போல நீண்டு, கறையான் உள்ளே வளர்க்கும் பூஞ்சைக் கூட்டில் போய் முடிகிறது. பறித்தால் அந்த வால் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். தோண்டினால்தான் காளானின் விலாசம் தெரியும். 1906ல் இதையெல்லாம் எழுதினார். அவருக்கு 127 வருஷங்களுக்கு முன்பே தஞ்சைச் சீமைக் கறையான்களைப் பற்றி எழுதியவர் ஒருவர் உண்டு: லின்னேயஸின் சீடர் கோனிக், 1768ல் தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியராக வந்தவர்.

தோண்டுவதைப் பற்றி எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை. போடிநாயக்கனூருக்கு அருகே, பொட்டிபுரத்து மலையடிவாரத்தில் கூடையும் கையுமாக வந்த ஒரு கிழவியிடம், "தோண்டி எடுக்கக் கூடாதா, பாட்டி?" என்று கேட்டேன். "அடியத் தோண்டிப்புட்டா அடுத்த மழைக்கு எங்கிட்டுப் போயித் தேடுறது, ஐயா?" என்றாள். ஹெர்பேரியத்துக்கு ஒரு முறை கிடைத்தால் போதும். அவளுக்கு வருஷா வருஷம் வேண்டும்.

1942ல் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் காளான்களைத் தனிப் பேரினமாகப் பிரித்து, டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்டார். கறையான் காளான் என்று அர்த்தம். நம் ஊர்ப் பெயர்தான், அயல்தேசத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! 1979ல் சென்னைப் பல்கலைக்கழகத்து கே. நடராஜன், தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைப் புதிய இனமென்று விவரித்து, டெர்மிட்டோமைசஸ் ஹைமீ என்று அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயரையே வைத்தார்.

ஏலமலைச் சரிவிலிருந்து இனி யாராவது இதைக் கொண்டுபோனால், உறையின்மேல் 'புற்றுக்காளான், போடி' என்றும் ஒரு வரி எழுதிவைக்கட்டும். இடம் நிறைய இருக்கும். உறை பெரிது, உள்ளே இருக்கும் வற்றல் சின்னது.