காலராவும் முயல் குடலும்: ஜி-புரதம் பிடிபட்ட கதை

கார்த்திகை தீபத்தன்று செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே நின்று பார்த்தால் தலைகள்தான் தெரியும், சாலை தெரியாது. இன்று இவ்வளவு கூட்டம் கூடினால் நெரிசலையும் பஸ்ஸையும் பற்றித்தான் கவலைப்படுகிறோம். நூறு வருஷத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம் என்றால் வேறு ஒரு பயம் இருந்தது: வாந்திபேதி, அதாவது காலரா. 1905ல் இந்த ஊரில் பிளேக் பரவியபோது ரமணர் விரூபாட்ச குகையை விட்டுப் பச்சையம்மன் கோயிலில் சில மாதம் தங்கினார் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் தென்னாட்டில் பிளேக்கை விட அதிகம் பேரைக் கொண்டு போனது காலராதான். காலையில் நன்றாக இருந்தவர் ராத்திரிக்குள் இறந்து போவார்.

அந்த நோய் நம் செல்லுக்குள் என்ன செய்கிறது? இதற்குப் பதில் தேடிப் போனவர்கள் உயிரியலின் மிக முக்கியமான ஒரு புரதக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவினார்கள். ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் அவை, சுருக்கமாக ஜி-புரதங்கள். அந்தத் தேடலில் பெரிய திருப்பம் கல்கத்தாவில் நடந்தது. அதைச் செய்தவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1884ல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை அடையாளம் காட்டினார். கிருமி ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்றும் ஊகித்தார். ஆனால் அந்த நஞ்சை 75 வருஷம் யாராலும் காட்ட முடியவில்லை. கிருமியை மிருகங்களின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள், வயிற்றறையில் செலுத்திப் பார்த்தார்கள். மிருகம் செத்தது, காலரா மட்டும் வரவில்லை.

சம்பு நாத் டே 1915ல் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். லண்டனில் பிஎச்.டி. முடித்து 1949ல் கல்கத்தா திரும்பினார். நோய் குடலில் நடக்கிறது, எனவே குடலிலேயே தேடுவோம் என்பதுதான் அவர் யோசனை. (கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்!) மயக்கம் கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தப் பைக்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அது அரிசி கழுவிய தண்ணீர் போன்ற நீரால் உப்பி நின்றது. காலரா நோயாளிக்குப் போகும் அதே நீர். இது 1953ல். அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரைச் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆக நோயைத் தருவது கிருமி வெளியே விடும் நஞ்சு! 1959 மே மாத 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. அதே வருஷம் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தா குழுவினரும் முயல் குட்டிகளில் காலரா நஞ்சைக் காட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குப் பிறகு கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1969ல் ஃபிங்கெல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தார்கள். இதோடு சம்பந்தமே இல்லாமல், ஹார்மோன் சொல்லும் செய்தி செல்லுக்குள் எப்படிப் போகிறது என்று மார்ட்டின் ராட்பெல் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வாங்கிய ஏடிபி-யில் ஜிடிபி கலப்படமாக இருந்தது. அந்தக் கலப்படம் இல்லாமல் சோதனை சரியாக நடக்கவில்லை என்பதிலிருந்து, செய்தி போவதற்கு ஜிடிபி தேவை என்று 1971ல் அறிவித்தார்.

ஜி-புரதம் ஒரு சுவிட்ச். ஜிடிபி ஒட்டினால் 'ஆன்'. சற்று நேரத்தில் அந்த ஜிடிபி-யைத் தானே வெட்டி, தானே 'ஆஃப்' ஆகிவிடும். காலரா நஞ்சு குடல் செல்லுக்குள் நுழைந்து இந்தச் சுவிட்சின் ஓர் இடத்தில், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் மேல், ஒரு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. அதற்கப்புறம் ஜிடிபி-யை வெட்ட முடியாது. சுவிட்ச் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் குவியும். குளோரைடு வாசல் திறந்தபடி இருக்கும். உப்பு வெளியேற, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். கடுமையான நோயாளிக்கு மணிக்கு 1 லிட்டர் வரை.

நஞ்சு ஒட்டும் மூலக்கூறில் கதிரியக்கக் குறி வைத்தால், எந்தப் புரதத்தில் ஒட்டியது என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? 1970களின் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். நோய் தந்த நஞ்சே ஆய்வுக்கூடக் கருவி ஆனது. ஆல்ஃபிரட் கில்மன் குழு 1980ல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. ராட்பெல்லுக்கும் கில்மனுக்கும் 1994ல் நோபல்.

இந்தச் சுவிட்சுகள் குடலில் மட்டும் இல்லை. பார்வை, வாசனை, அட்ரினலின் படபடப்பு எல்லாம் இவற்றின் வழியாகத்தான். கக்குவான் இருமல் கிருமியின் நஞ்சு இன்னொரு ஜி-புரதத்தைக் கெடுக்கிறது. காலரா நஞ்சு தாக்கும் அதே ஆர்ஜினினில் பிறவிப்பிழை வந்தால் மெக்கூன்-ஆல்பிரைட் என்ற எலும்பு நோய் வரும் என்று 1991ல் தெரிந்தது. கிருமியே வேண்டாம், ஓர் எழுத்துப்பிழை போதும்! ஜிடிபி பிடிக்கும் இன்னொரு சிறிய புரதத்தின் பெயர் ராஸ். எலிகளுக்குச் சர்கோமாக் கட்டி உண்டாக்கும் வைரஸிலிருந்து வந்த பெயர். (சர்கோமா என்ற சொல் ஆசிரமப் பக்கம் புதிதல்ல, 1950ல் ரமணர் மறைந்தது இடக்கையில் வந்த சர்கோமாவால்.) ராஸ் ஆன் நிலையிலேயே நின்றால் செல் பெருகிக்கொண்டே போகும். மனிதப் புற்றுநோயில் இந்தப் பிழை 1982ல் பிடிபட்டது. அதை நேரடியாகத் தடுக்கும் முதல் மருந்து வர 2021 ஆயிற்று.

காலராவுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நஞ்சு ஒரு வாசலைத் திறந்து வைத்தாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே வரும் வாசலை அது தொடுவதில்லை. 1971ல் பங்களாதேஷ் அகதிகள் பங்காவ் முகாமில் குவிந்தபோது, திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1992ல் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா வகை தலைகாட்டியபோதும் இதே வைத்தியம் பலித்தது. கிருமியின் மேலுறை மாறியிருந்தது, நஞ்சு மாறவில்லை.

டே 1973ல் ஓய்வு பெற்றார். 1978ல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. இந்திய அறிவியல் அகாடமி எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985ல் இறந்தார். 1990ல் பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' அவருக்குச் சிறப்பிதழ் போட்டது. அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்ததாக அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் சொன்ன பிறகுதான் இங்கே பலரும் "யார் இந்த டே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.